மிருதங்கம் படிக்கப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் மிருதங்கத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். கூடவே இரண்டு கவலையும் சொன்னாள்: ஒன்று உன் இடது கை, இன்னொன்று, குரு வீட்டிலேயே கிடந்து படித்தால்தானே வித்தை வரும், மணியடித்தால் முடிகிற வகுப்பில் என்ன வந்துவிடப் போகிறது என்பது.

இடது கை பெரிய விஷயமே இல்லை. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர்தான். வலந்தலை, அதாவது நடுவில் கருப்பு வைத்த முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் நீ மேடையில் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டிவரும், வயலின்காரர் இடம் மாற வேண்டிவரும், சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பெண் பிள்ளைக்கு எதற்கு மிருதங்கம் என்று எவராவது ஆரம்பித்தால் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் பெயரைச் சொல். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் படித்து மேடையேறியவர், அதுவும் அந்தக் காலத்திலேயே.

இரண்டாவது கவலை கொஞ்சம் நியாயமானதுதான். தா, தி, தொம், நம் என்று மூன்று கால வேகத்தில் மாதக்கணக்கில் தட்டவிடுவார்கள், அலுக்கும். போனில் எவனோ எண்ணிக்கைக்கு ஒன்பது விழுகிற சங்கீர்ண நடையில் வெளுத்து வாங்குவதைப் பார்த்து உனக்கும் கை பரபரக்கும். தாளக் கணக்கு எங்கேயும் ஓடிவிடாது, முதலில் நாதம் வரட்டும். தொப்பிக்கு, அதாவது மற்ற முகத்துக்கு, ரவை பிசைந்து அப்புவதையே ஒழுங்காகப் பழக நாளாகும். கூடிப்போனால் மந்தம், குறைந்தால் அடிநாதமே இருக்காது.

ஆனால் குரு வீட்டில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது, பக்கத்து அறை! வாய்ப்பாட்டு, வயலின், வீணை, நாகசுரம் எல்லாம் ஒரே வளாகத்தில். உன் வகுப்பு முடிந்ததும் வாய்ப்பாட்டு வகுப்பில் போய் உட்கார், தாளம் போட்டுக்கொண்டே கேள், உன்னோடு சேர்ந்த பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் பாடினாலும் அவர்களுக்கு வாசி. மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் கச்சேரியில் கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் பாட்டுக்குத்தான் வாசிக்கப் போகிறாய். பாட்டு தெரியாமல், தனியை முடிக்க மூன்று தடவை வாசிக்கிற கோர்வைகூட சரியான இடத்தில் நிற்காது. தாளத்தின் ஒரு எண்ணிக்கையை நாலு மாத்திரையாகப் பிரித்து, சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே, எடுக்கிற பாட்டுக்குப் போட்ட ஆதி தாளக் கோர்வையை, ஒன்றரை எண்ணிக்கை தள்ளி எடுக்கிற பாட்டுக்கு அப்படியே வாசித்தால், ஆறு மாத்திரை முன்னாடியே முடித்துவிட்டு விழித்துக்கொண்டிருப்பாய். தியாகராஜர் கீர்த்தனைகளில் அந்த ஒன்றரை எடுப்பு ஏராளம், அவர் ஊரிலேயே போய்ப் படிக்கிறவளுக்கு அது தெரியாவிட்டால் எப்படி?

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) பழைய பதிவுகளைக் கேட்கும்போது தனியைத் தள்ளிவிட்டு கீர்த்தனைக்கு வாசித்ததை மட்டும் கேள். சங்கதி, அதாவது ஒரே வரியைப் பாடுகிற விதம், மாறுகிற இடத்தில் என்ன செய்கிறார், எங்கே கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று கவனி. எனக்கு அந்தச் சும்மா இருக்கிற இடங்கள்தான் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், வாத்தியத்துக்கு நான் பணம் அனுப்புகிறேன், அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதே. யாருக்கு வாசிக்கப் போகிறாய் என்று முதலில் பார். பெண் பிள்ளைகள் அதிகம் என்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டை சுருதிக்குச் சேர்கிற சின்ன மிருதங்கம் போதும், ஆண் குரலுக்கு என்றால் பெரியது வேண்டும். வகுப்பு ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துச் சொல், வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா