கரையை அடைக்காதீர்கள்: ஏரிக்கரை நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏரிக்கரை நகரங்களின் மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காலை முதல் ரயிலில் வந்து கடைசி ரயிலில் திரும்புகிறவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் அறை எடுப்பதில்லை. தங்கும் இரவுகளை வைத்துப் பயணிகளை எண்ணும்போது நாங்கள் விடுபட்டுப் போகிறோம். அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

போன முறை, மூட்டுவலியால் அவதிப்படும் அம்மாவை உங்களில் ஒருவரது ஊருக்கு அழைத்து வந்தேன். ரயில் நிலையத்திலிருந்து தண்ணீர் தெரியும் இடம்வரை உற்சாகமாக நடந்தார். கரையோரமாகவே போகலாமென்றால் கால் மணி நேரத்தில் ஒரு விடுதியின் மதில் குறுக்கிட்டது. சாலைக்கு ஏறிச் சுற்றி, மறுபடி இறங்கினால் கம்பிவேலி. அம்மா ஒரு கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “தண்ணி இந்தப் பக்கந்தானே இருக்கு?” என்று அவர் கேட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது.

மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள சிகாகோவில், 1836ஆம் ஆண்டு வரைபடத்திலேயே கரையோர நிலத்தின் ஒரு பகுதியைக் கட்டடமில்லாத பொதுநிலம் என்று குறித்துவைத்தார்கள். குறித்தது மட்டும் போதவில்லை. மான்ட்கோமரி வார்ட் என்ற வணிகர் 1890 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்காடித்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது. இன்று அந்நகரின் ஏரியோரப் பாதை சுமார் 30 கிலோமீட்டர் நீளம். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரம் ஏரியின் ஓரத்தை மேடாக்கி, 1887இல் எல்லோரும் உலாவும் கரையாகத் திறந்தது. அதே நாட்டின் லூசர்ன் நகரிலோ ரயிலைவிட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால் படகுத்துறை. அரை நாளுக்கு வந்தவர்கூட ஏரிக்குள் போய்வரலாம்.

கரை திறந்திருந்தும் தண்ணீர் நாறினால் யார் வருவார்கள்? பிரான்சின் அன்சி ஏரியைச் சுற்றியிருந்த ஊர்கள் 1957இல் ஒன்றுகூடி, பிறகு ஏரியைச் சுற்றிலும் குழாய் பதித்துக் கழிவுநீரை அதில் கலக்கவிடாமல் திருப்பிவிட்டன. ஐரோப்பாவின் தூய்மையான ஏரிகளுள் ஒன்றாக அது பேசப்படுவதற்கு அந்தக் குழாய்கள் முக்கியக் காரணம். ஒரே ஊரால் இது முடிந்திருக்காது. பக்கத்து ஊர்களோடு பேசுங்கள்.

கரையோரம் புதிதாகக் கட்ட அனுமதி தரும்போது, தண்ணீருக்கும் கட்டடத்துக்கும் நடுவே நடைபாதை விடுவதைக் கட்டாயமாக்குங்கள். பழைய மதில்களுக்கு முன்னால், முடிந்த இடங்களில், தண்ணீரின் மேலேயே பலகைப் பாதை போடலாம். நிழலில் பெஞ்சுகள் வேண்டும். கழிப்பறையை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிடாதீர்கள். கடைசி ரயில்வரை அது திறந்திருந்தால்தான் வயதானவர்களும் குழந்தையோடு வருபவர்களும் பயமின்றி இருக்க முடியும். கடைசிப் படகு திரும்பும் நேரத்தையும் ரயில் நேரத்தையும் ஒரே பலகையில் எழுதிவையுங்கள்.

அடுத்த மாதம் அம்மாவோடு மறுபடி வருகிறேன். மதிலை அதற்குள் நகர்த்த முடியாது, தெரியும். அதற்கு இந்தப் பக்கத்திலாவது, ஏரியைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு போட்டுவையுங்கள்.

அன்புடன்,
ஒருநாள் பயணி