மலைப்பாம்புக்கு விஷம் வைத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை நாலாம் பக்கத்தில், 'கொடிய விஷமுள்ள மலைப்பாம்பை அடித்துக் கொன்ற இளைஞர்கள்: குவியுது பாராட்டு' என்று போட்டிருந்தீர்கள். மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எங்கள் ஊர் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மலைப்பாம்பு முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் இருக்கிறது. கொன்றால் ஜெயில். அந்தப் பையன்களைக் கையில் கம்போடு வரிசையாக நிற்கவைத்து, முகம் தெரியப் படம் போட்டுவிட்டீர்கள். வழக்குக்கு இனி வேறு சாட்சி வேண்டாம். பாவம், பையன்கள் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

பக்கத்திலேயே ஒரு 'கோப்புப் படம்'. அது அனகோண்டா. நாலு மூட்டை தேங்காய் ஏற்றிப் போனாலே எங்களை வாளையாறு எல்லைச் சோதனைச்சாவடியில் நிறுத்துகிறார்கள்; தென் அமெரிக்காவிலிருந்து அது எப்படித் தாண்டி வந்ததோ. நம் மலைப்பாம்பின் தலையில் வேல் முனை மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். அடுத்த முறை அதையாவது பார்த்துப் போடுங்கள்.

இரையை விழுங்கியபின் மரத்தைச் சுற்றி எலும்பை நொறுக்கும் என்றும் அதே செய்தியில் எழுதியிருந்தீர்கள். இது என் பாட்டி சொன்ன கதை. பாட்டி பத்திரிகை நடத்தவில்லை. எலும்பு வயிற்றிலேயே கரைந்துவிடும். எச்சத்தில் மிஞ்சுவது முடியும் இறகும் நகமும்தான். என் தோப்பில் குச்சியால் கிளறிப் பார்த்தே சொல்கிறேன்.

ஒரு பங்குனி மாதம், வரப்போரம் இருந்த முள்ளம்பன்றி வளைக்குள் ஒரு பெண் பாம்பு அடைகிடந்தது. வேலையாட்களை அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றுவிட்டேன். விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். சுருளின் இடுக்கில் வெள்ளை முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. விக்கல் எடுப்பதுபோல அதன் உடம்பு வெட்டி வெட்டி அதிரும். தசையை அப்படி இறுக்கி இறுக்கித்தான் முட்டைக்குச் சூடு கொடுக்கிறது. வெயில் ஏறினால் நின்றுவிடும். இரண்டு மாதம் போல அப்படியே கிடந்தது. தாய்ப் பாம்பு இரை தேடிப் போய் நான் பார்க்கவில்லை.

அதற்குமுன் என் கோழி மூன்றும் பக்கத்துத் தோப்பு ஆட்டுக்குட்டி ஒன்றும் போனது உண்மைதான். மறைக்கவில்லை. ஆனால் எலியையும் மயிலையும் காட்டுப்பன்றிக் குட்டியையும் பிடிக்க எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மூன்று வருஷம் முன்னால் காட்டுப்பன்றித் தொல்லை பற்றித் தங்களுக்கு எழுதினேன். வரவில்லை. அதே வாரம் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு முக்கால் பக்கம் கொடுத்திருந்தீர்கள். சரி, போகட்டும்.

2022-ல் காசர்கோட்டில் 24 மலைப்பாம்பு முட்டைகளுக்காகத் தேசிய நெடுஞ்சாலை வேலையையே அந்த இடத்தில் 54 நாள் நிறுத்திவைத்தார்கள். அதைத் தங்கள் பத்திரிகையில் பார்த்த ஞாபகம் இல்லை. ஆழியாற்றுத் தண்ணீர்ச் சண்டை வந்தால்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்திலும் தமிழ் படிக்கிறவர்கள் இருக்கிறோம் என்று தங்களுக்கு நினைவு வருகிறது. மலையாளத்தில் இதற்குப் பெரும்பாம்பு என்று பேர். பெரிய பாம்பு, அவ்வளவுதான். தமிழில்தான் அதற்கு முன்னால் 'ராட்சத' வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. இரண்டு வரி திருத்தம். கூடவே, வீட்டிலோ தோப்பிலோ பாம்பு வந்தால் பிடிக்க ஆள் கூப்பிடக் கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலி இருக்கிறது என்று ஒரு வரி. அப்புறம், அந்தச் செய்தியில் எங்கள் ஊரைக் 'கொளிஞ்சாம்பாறை' என்று போட்டிருந்தீர்கள். அது ளகரம் அல்ல, ழகரம்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருஷ சந்தாதாரர்,
கொழிஞ்சாம்பாறை.