சாக்கு நூல் மறைப்புடை: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த, வேட்டைக்கான மறைப்புடையை, அதாவது சாக்கு நூற்கற்றைகளைக் கட்டி அணிந்தவரைப் புல் புதரோடு ஒன்றச் செய்யும் உடையை, வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் முறை பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அல்சூரில் முப்பது ஆண்டுகளாகத் தையல் கடை நடத்துபவன் என்பதாலும், பறவைகளைப் படமெடுக்கச் செல்பவர்களுக்காக இதே உடையை இதுவரை பதினொன்று தைத்துக் கொடுத்தவன் என்பதாலும் இதை எழுதுகிறேன். அவர்கள் கடைக்கு வந்து 'கில்லி சூட்' என்றுதான் கேட்பார்கள். கட்டுரையில் துணியை வெட்டும் அளவும் முடிச்சுப் போடும் விதமும் சரியாகவே இருந்தன. ஆனால் அந்த உடையை அணிந்துகொண்டு இந்த நாட்டில் வேட்டைக்குப் போக முடியாது என்ற செய்தி ஓரிடத்திலும் இல்லை. சாக்கு நூல் எவ்வளவு விரைவில் தீப்பிடிக்கும் என்பதும் இல்லை. இந்த இரண்டையும் சொல்லாமல் இதைத் தைக்கக் கற்றுக்கொடுப்பது தவறு என்று கருதுகிறேன்.

இந்த உடை ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் வேட்டைக்காடுகளைக் காவல் காத்தவர்களிடமிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காக 1900இல் அங்கே திரட்டப்பட்ட லோவட் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவு அதைப் போர்க்களத்துக்குக் கொண்டு சென்றது. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் உரிய அனுமதியோடு மான் வேட்டையாடுவது இன்றும் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், அந்நாட்டுக் குறிப்புகளில் 'வேட்டைக்கு' என்ற சொல் இயல்பாக வருகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை அணிய வேண்டும் என்ற விதியும் உண்டு. மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் பச்சையிலிருந்து பிரிந்து தெரிவதில்லை, உடன் வேட்டையாடும் மனிதனுக்குத் தெரியும் என்பதே அதன் காரணம். நம் புலியின் ஆரஞ்சுத் தோல் மானுக்குப் புல்லோடு புல்லாகத் தோன்றுவதும் இதனால்தான்.

இங்கே நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தன் 9ஆம் பிரிவில், பட்டியலில் உள்ள காட்டுயிர்களை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. 'வேட்டை' என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருளும் விரிந்தது. கொல்வது மட்டுமன்றி, பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி வரவழைப்பது ஆகியவையும், பறவைகளின் முட்டைகளையோ கூட்டையோ குலைப்பதும் அதில் அடங்கும். கையில் கேமரா மட்டுமே இருப்பவரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடலாம் என்பதை நான் வெகு தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதக் காலையில், நான் தைத்த உடையைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவுக்குப் போயிருந்தேன். 1894இல் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே அமைந்த ஏரியை ஒட்டிய அந்தப் புல்வெளி, கோடையில் முழுக்க வைக்கோல் நிறமாக இருக்கும். ஒரு புதரடியில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆள் நடமாட்டத்தைக் கண்டால் ஊரைக் கூட்டுவதாலேயே ஆள்காட்டி என்று பெயர் பெற்ற குருவி, என்னை ஒரு பொருட்டாகவே கொள்ளாமல் பத்தடி தூரத்தில் கற்களுக்கிடையே வந்து அமர்ந்தது. கையுறை அணிய மறந்திருந்தேன். மூக்கின் மேல் ஊர்ந்த எறும்பைத் தட்ட வெறுங்கையைத் தூக்கினேன். அவ்வளவுதான், குருவி எழுந்து தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தத் தொடங்கியது. அது அமர்ந்திருந்த இடத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள் வெறுந்தரையில், கூழாங்கற்களோடு கற்களாகக் கிடந்தன. வெயில் ஏறும் நேரத்தில் தாய்ப்பறவை வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். அது விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டைகள் வேகின்றன. நான் உடனே எழுந்து வந்த வழியே விலகிப் போனேன். தூரத்தில் நின்று பார்த்தபோது குருவி இறங்கி அமர்ந்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றிலிருந்து உடை தைக்கக் கேட்டு வருபவர்களிடம் ஒன்றைச் சொல்லியே அளவு எடுக்கிறேன். இந்த உடை அருகில் போவதற்கானது அல்ல, ஒரே இடத்தில் இருப்பதற்கானது. சங்கப் பாடல் ஒன்றில் வேடன் முற்றத்து நிழலில் அயர்ந்து உறங்குகிறான்; மற்ற மான்களை ஈர்ப்பதற்கான பார்வை மானாக அவன் வளர்த்த பிணையோடு (பெண்மானோடு) காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகிறது. அதைக் கண்ட அவன் மனைவி, கணவன் விழித்துவிடுவானோ என்றும், கலை பிணையைப் பிரிந்து போய்விடுமோ என்றும் அஞ்சி, வீட்டுக்குள் நடமாடாமலே இருந்துவிடுகிறாள். அவள் எந்த உடைக்குள்ளும் மறைந்திருக்கவில்லை. அவள் காட்டிய அந்த அசைவின்மைதான் இந்தத் தொழிலில் முதல் தேவை.

இனித் தையலுக்கு வருகிறேன். கட்டுரையில் காட்டியிருந்த ஓக், மேப்பிள் இலை அச்சுத் துணி நம் நிலத்துக்குப் பொருந்தாது; எங்கள் புல்வெளியில் அது தனியாக உறுத்தித் தெரியும். வழக்கமான அளவைவிட இரண்டு அளவு பெரிய, மங்கிய காக்கிப் பருத்திச் சட்டையும் கால்சட்டையும் போதும். முதுகிலும் தோளிலும் தலைமூடியிலும் மட்டும் பழைய மீன்வலையைத் தைக்க வேண்டும். மார்புப் பக்கத்தைச் சும்மா விட்டு, முழங்கைக்கும் முழங்காலுக்கும் தடித்த கித்தான் ஒட்டுப்போட வேண்டும். கோணிப்பையை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி, குறுக்கு இழைகளை ஒவ்வொன்றாக உருவினால் நீள இழைகள் தனியே நிற்கும். எட்டுப் பத்து இழைகளைச் சேர்த்து நடுவில் மடித்து, வலைக்கண்ணுக்குள் நுழைத்து, அந்த வளையத்துக்குள் நுனிகளை இழுத்து இறுக்கினால் முடிச்சு அவிழாது. தலை, தோள் இரண்டின் புறக்கோடுதான் மனிதனைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே அங்கே நெருக்கமாகவும் மற்ற இடங்களில் கலைத்தும் கட்ட வேண்டும். புதிதாகத் தைப்பவர்கள் எல்லாரும் உடை முழுவதும் சீராகக் கட்டி, ஆளை ஒரு வைக்கோற்போராக்கிவிடுகிறார்கள்.

நிறத்துக்குச் சாயப்பொடி தேடி அலைய வேண்டாம். சாக்கின் இயல்பான நிறமே டிசம்பர் முதல் மே வரை எங்கள் புல்லோடு ஒத்துப்போகும். மூன்றில் ஒரு பங்கு நூலைத் தேயிலை டிகாக்‌ஷனிலும், சிறிதளவைக் கடுக்காய் ஊறிய நீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுக் கிடைக்கும் கருஞ்சாம்பல் சாயத்திலும் நனைத்தால் போதும். துவைக்கும்போது வெண்மை கூட்டும் சோப்புத்தூளைத் தவிர்க்க வேண்டும். அதில் உள்ள ஒளிர்பொருள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடும். பறவைகள் பலவற்றுக்கு நம்மைவிட நுண்ணிய நிறப்பார்வை உண்டு.

தீயைப் பற்றி. நான் தைத்த முதல் உடை, கார்த்திகை தீபத்தன்று மாலையில் மொட்டைமாடிக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் என் மகள் வரிசையாக வைத்த அகல்களில் ஒன்றின் சுடரைக் காற்றில் ஆடிய ஒரு நூல்கற்றை தொட்டது. நான் வாளியை எடுத்துத் திரும்புவதற்குள் முதுகுப்புறம் முழுவதும் எரிந்துவிட்டது. அதற்குள் ஒரு மனிதன் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் உடல் நடுங்குகிறது. இப்போது 7 பங்கு வெங்காரமும் (போராக்ஸ்) 3 பங்கு போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரில் நூலை ஊறவைத்து உலர்த்திய பிறகே கட்டுகிறேன். இது தீ பரவுவதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுத்துவிடாது; மழையில் நனைந்தாலும் துவைத்தாலும் போய்விடும், மறுபடி ஊறவைக்க வேண்டும். உடை அணிந்தவர் பீடி, சிகரெட், அடுப்பு எதன் அருகிலும் போகக் கூடாது.

இன்னும் இரண்டு செய்திகள். இராணுவச் சீருடையின் அச்சுள்ள துணியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. 2022 ஜனவரியில் அறிமுகமான புதிய சீருடையின் வடிவுரிமை தரைப்படையிடம் உள்ளது. படைவீரர் என்று பிறர் நம்பும்படி அத்தகைய உடை அணிவது தனிக் குற்றம். அடுத்து, பேருந்திலிருந்தே இதை அணிந்துகொண்டு போகாமல், பையில் எடுத்துச் சென்று, மாடு மேய்ப்பவர்களிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அணிவதே முறை. சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பதால், அங்கே இந்த உடைக்கு இடமே இல்லை.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் ஞாயிறன்று வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதன் தலைப்பிலிருந்து 'வேட்டைக்கு' என்ற சொல்லை நீக்கி, சட்டம் 'வேட்டை' என்று எதையெல்லாம் சொல்கிறது என்பதையும், தீத்தடுப்புக் கரைசலின் அளவையும் ஒரு பெட்டிச் செய்தியாக அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆள்காட்டி முட்டையிடும் மாதங்கள் தொடங்கிவிட்டன. அந்த ஞாயிறே இது வெளிவந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.