எண்பதுகளைத் தாண்டிவிட்டால் நீல் யங் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராக் இசையின் மூத்த பாடகர்கள் பற்றித் தங்கள் இதழில் வரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். கனடாவில் பிறந்த நீல் யங் பற்றிய கட்டுரை நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு இடம்தான் உறுத்தியது. 1972-இல் வந்த ‘ஹார்வெஸ்ட்’ இசைத்தொகுப்புக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், அவருடைய 1980-களை ‘தடம் புரண்ட காலம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அறுபதுகளில் பாட வந்த ஒருவர் எண்பதை எட்டும் வயதிலும் புதுப் பாட்டு எழுதுகிறார் என்றால், அதற்கான விடை அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

தடம் மாறுவது அவருக்கு எண்பதுகளில் வந்த பழக்கமும் அல்ல. ‘ஹார்வெஸ்ட்’ அந்த வருடம் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அதிலிருந்து ஒரு பாட்டு முதலிடத்துக்கே போனது. வேறு யாராக இருந்தாலும் அதே அச்சில் இன்னும் நான்கு வார்த்திருப்பார்கள். இவரோ, அந்தப் பாட்டு தன்னை நடுச்சாலைக்குக் கொண்டு வந்துவிட்டது, அங்கே போவது அலுத்துப்போனதால் பள்ளத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினேன் என்று பின்னாளில் எழுதினார். அப்படித் திருப்பியதில் வந்ததுதான் ‘டுநைட்ஸ் த நைட்’ தொகுப்பு. கூட வாசித்த கிட்டார் கலைஞர் டேனி விட்டனையும், மேடைக் கருவிகளைப் பார்த்துக்கொண்ட புரூஸ் பெர்ரியையும் போதைப்பொருள் கொண்டுபோன பிறகு, 1973-இல் பெரும்பகுதி பதிவானது, வெளிவந்தது 1975-இல். அதில் ஒரு பாட்டில் மேலே ஏறும்போது குரல் அப்படியே உடைகிறது. மறுபடி பாடிச் சேர்க்கவில்லை, உடைந்தபடியே விட்டிருக்கிறார். சுத்தமான ஸ்ருதியில் வளர்ந்த நம் காதுக்கு முதலில் ‘என்னய்யா இது’ என்றுதான் தோன்றும்.

சரி, எண்பதுகளுக்கு வருகிறேன். 1982-இல் வந்த ‘டிரான்ஸ்’ தொகுப்பைத்தான் எல்லோரும் கேலி செய்வார்கள். மின்னணு இசைக்கருவியான சின்தசைசர், அதோடு குரலை இயந்திரக் குரலாக மாற்றும் வோகோடர். பல பாடல்களில் என்ன பாடுகிறார் என்றே புரியாது. ரசிகர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அப்போது அவர் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வாக்கியத்திலாவது சொல்லியிருக்கலாம். அவருடைய மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம், பேச்சு வரவில்லை. கணவனும் மனைவியும் நாளின் பெரும்பகுதியைக் குழந்தையின் பயிற்சிக்கே செலவிட்டுக்கொண்டிருந்தார்கள். தன் மகன் சொல்ல வருவது தனக்குப் புரியாதது போல, தான் பாடுவதும் கேட்பவர்களுக்குப் புரியாமல் போகிறது என்று பின்னர் அவரே விளக்கினார். இதைத் தெரிந்துகொண்டு ஒருமுறை அதைக் கேளுங்கள். பிடிக்காமல் போகலாம், ஆனால் கேலி செய்ய மனம் வராது. அதே மகன் தலையை அசைத்தே பொம்மை ரயிலை ஓட்டும்படி விசை வடிவமைத்துக் கொடுத்தவரும் இவர்தான். அந்த ஆர்வம் முற்றிப்போய், பிறகு லயனல் என்ற பொம்மை ரயில் நிறுவனத்திலேயே பங்குதாரரானார்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரசியம். நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையில் ஒரு தொகுப்போடு போனார். அப்போது அவர் பாடல்களை வெளியிட்டுவந்த கெஃபன் நிறுவனம் அதை ஏற்காமல் ராக் அண்ட் ரோல் வேண்டும் என்றது. ராக் அண்ட் ரோல்தானே, இந்தா பிடி என்று ஐம்பதுகளின் பழைய பாணியில், 25 நிமிடம்கூட ஓடாத ஒன்றை 1983-இல் போட்டுக் கொடுத்தார். நிறுவனம் நீதிமன்றம் போனது. கேட்ட நட்டஈடு 30 லட்சம் டாலருக்கு மேல். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? நீல் யங் கொடுத்த பாடல்கள் நீல் யங் பாடல்கள் மாதிரி இல்லையாம்! இவரும் எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் வழக்கு சமரசமாகி, நிறுவனர் டேவிட் கெஃபன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். தன் பழைய குரலைத் தானே நகலெடுக்க மறுத்ததற்காக வழக்கைச் சந்தித்த பாடகர் இவரைத் தவிர வேறு யார் என்று எனக்குத் தெரிந்தவரை யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

அந்தத் ‘தடம் புரண்ட’ வருடங்களில்தான், 1985-இல், கடனில் மூழ்கிய அமெரிக்க விவசாயிகளுக்காக பாடகர்கள் வில்லி நெல்சன், ஜான் மெல்லன்கேம்ப் ஆகியோரோடு சேர்ந்து ‘ஃபார்ம் எய்ட்’ என்ற நிதி திரட்டும் கச்சேரியைத் தொடங்கினார். மறு வருடமே, பேச இயலாத குழந்தைகளுக்கான பிரிட்ஜ் பள்ளிக்கு நிதி திரட்டும் கச்சேரிகள். கலிபோர்னியாவில் அவை 2016 வரை நடந்தன.

1989-இல் ‘ஃப்ரீடம்’ தொகுப்போடு அவர் திரும்பி வந்ததைக் கட்டுரை ‘மறுபிறவி’ என்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்காகவும் வளைய மாட்டேன் என்று பத்து வருடம் அடம்பிடித்தவரிடம்தான் அடுத்த தலைமுறை வந்து சேர்ந்தது. 1995-இல் தன்னைவிட இருபது வயது இளையவர்களான பேர்ல் ஜாம் ராக் குழுவினரோடு அவர் ஒரு தொகுப்பே செய்தார். வெற்றிச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய எத்தனை பேருக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தது?

அடம் எப்போதும் செல்லுபடியாகும் என்று நான் சொல்லவில்லை. இணையப் பாட்டுத் தளமான ஸ்பாட்டிஃபையில் வந்த கொரோனா பற்றிய தவறான தகவல்களை எதிர்த்து 2022-இல் அங்கிருந்து தன் பாடல்களை எடுத்துக்கொண்டவர், 2024-இல் திரும்பிவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தொடரில் பாடகி ஜோனி மிட்செல் பெயரை இன்னும் காணோம். அவரும் கனடாக்காரர், நீல் யங்கைப் போலவே சிறுவயதில் போலியோ கண்டவர், நாட்டுப்புற இசையிலிருந்து ஜாஸ் பக்கம் போனதற்காக ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவரைப் பற்றி எழுதும்போது எழுபதுகளின் பிற்பகுதியையும் தாண்டிவிட வேண்டாம் என்று கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.