ஒரு ஹெட்செட், மூன்று வேலை: மாலதிக்கு ஒரு கடிதம்

சுவா சூ காங், சிங்கப்பூர்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதிய வேலையில் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி கிடைத்ததும், கதிர் தேசிய சேவையில் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு இப்போது வார இறுதிகளில் வீட்டுக்கு வந்து போவதும் அறிந்து மகிழ்ந்தேன். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்ததிலிருந்து எங்கள் அலுவலகத்திலும் இத்தகைய விண்ணப்பங்கள் கூடிவிட்டன. கூடவே, கணினி உதவிப் பிரிவில் இருக்கும் என்னிடம் ஹெட்செட் பற்றிக் கேட்டு வருவோரும் கூடிவிட்டார்கள். ஆகையால் நீ கேட்டிருப்பது எனக்கு நன்கு பழகிய கேள்விதான்.

பகலில் காப்புறுதி வாடிக்கையாளர்களுடன் பேச்சு, மாலையில் தஞ்சாவூரிலிருந்து அம்மாவின் வாட்ஸ்அப் அழைப்பு, சனி ஞாயிறுகளில் கதிரின் வீடியோ விளையாட்டு என மூன்றுக்கும் கம்பியில்லா ஹெட்செட் ஒன்றே போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதும். ஆனால் கடையில் எல்லாரும் தேர்ந்தெடுக்கும் முறையில் தேர்ந்தெடுத்தால் போதாது. ஃபூனானிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ ஒரு ஹெட்செட்டைக் கையில் எடுப்பவர் முதலில் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்கிறார். பாட்டு நன்றாக இருந்தால் வாங்கிவிடுகிறார். நம் காதுக்கு என்ன வருகிறது என்பதை அந்தப் பாட்டு சொல்லும். நம் பேச்சு மறுமுனையில் இருப்பவருக்கு எந்த நிலையில் போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை “எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்கிறது, ஆனால் நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லையாம்” என்றுதான் தொடங்குகின்றன. எனவே மைக்கையும் இணைப்பையும் பார்த்து வாங்கு. பாட்டின் இனிமையை மூன்றாவதாக வைத்துக்கொள்.

இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நாம் இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் வழக்கமான புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இசைக்கானது, ஒரு திசையில் மட்டும் செல்லும், இடது வலது எனப் பிரிந்து நல்ல தரத்தில் கேட்கும். மற்றொன்று பேச்சுக்கானது, இரு திசையிலும் செல்லும், ஆனால் தரம் குறைவு. அதன் பழைய வகை நம் குரலை விநாடிக்கு 8,000 முறையும், பின்னர் வந்த வகை 16,000 முறையும் அளவெடுக்கின்றன. இசைக் குறுந்தட்டில் அது 44,100 முறை. கணினியில் ஏதேனும் ஒரு செயலி மைக்கைத் திறந்த மறுகணம், ஹெட்செட் முதல் வழியை விட்டு இரண்டாவது வழிக்குத் தாவிவிடும். அதுவரை விரிந்து ஒலித்த பாட்டு, பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் சுருங்கிப்போவது அதனால்தான். வாடிக்கையாளருடன் பேசுவதற்கு 16,000 போதுமானது. நீ அதில் குறை காண மாட்டாய். கதிருக்கு அது உதவாது. எதிராளியின் காலடி இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்க வேண்டிய நேரத்திலேயே அவன் கூட்டாளிகளுடன் பேசவும் வேண்டியிருக்கிறது; மைக் திறந்ததும் விளையாட்டின் ஒலியும் சேர்ந்து சுருங்கிவிடும். பெட்டியின் மேல் எல்டாக் (இசையைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை), 990 கிலோபிட் என்றெல்லாம் பொன்னெழுத்தில் அச்சிட்டிருப்பது முதல் வழிக்கு மட்டுமே உரியது என்பதையும் நினைவில் வை.

தாமதமும் இருக்கிறது. சாதாரண புளூடூத்தில் ஒலி காதை வந்தடைய 150 முதல் 250 மில்லி விநாடி வரை பிந்துவது வழக்கம். படம் பார்க்கும்போது செயலியே காட்சியைச் சற்றுப் பின்தள்ளி ஒலியோடு பொருத்திவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. விளையாட்டில் அப்படிப் பின்தள்ள முடியாது. துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வரும். 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்னும் புதிய புளூடூத் முறை இந்த இரண்டு குறைகளையும் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் ஹெட்செட், கணினி இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் பயன். அலுவலகம் கொடுக்கும் மடிக்கணினியைத் தேர்ந்தெடுப்பது உன் கையில் இல்லாதபோது, அதை நம்பி இப்போது பணம் போடாதே.

இதற்கெல்லாம் நடைமுறைத் தீர்வு, விரல்நுனி அளவில் ஹெட்செட்டுடன் வரும் யூஎஸ்பி டாங்கிள், அதாவது கணினியில் செருகும் சிறு இணைப்புக் கருவி. விளையாட்டு ஹெட்செட்டின் டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தனக்கென ஓர் இணைப்பை வைத்துக்கொள்வதால், மைக் திறந்திருந்தாலும் ஒலி சுருங்காது; தாமதமும் கவனத்துக்கு வராத அளவுக்குக் குறைந்துவிடும். விளையாட்டுப் பெட்டிகளுக்கு இது ஏறக்குறைய கட்டாயம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுமே புளூடூத் ஹெட்செட்டை நேரடியாக ஏற்பதில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டம்பரில் புளூடூத் ஒலியை ஏற்கத் தொடங்கியது. அதிலும் மைக் வேலை செய்யாது.

டாங்கிளை எங்கே செருகுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய ஹெட்செட் ஒவ்வொரு கூட்டத்திலும் கரகரவென்று அறுபட்டது. பழுது என்று எழுதித் திருப்பி அனுப்பவே தயாராகிவிட்டார். போய்ப் பார்த்தால், கணினியின் பின்புறம் உள்ள நீல நிற யூஎஸ்பி 3 துளையில் டாங்கிளும், அதையொட்டிய துளையில் வெளிவன்தட்டும் செருகியிருந்தன. யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. கையளவு நீளமுள்ள ஒரு நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளை மாட்டி மேசை மேல் கொண்டுவந்து வைத்ததும் கரகரப்பு நின்றது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இன்னொரு தொல்லையும் சேரும்: மேலே, கீழே, பக்கத்தில் என எல்லா வீட்டு வைஃபையும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும். உன் வீட்டு ரவுட்டரில் மடிக்கணினியையும் கைப்பேசியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால், உன் வீட்டு நெரிசலாவது குறையும்.

இனி மைக். வாய்க்கு அருகில் நீண்டு வரும் தண்டு மைக் உள்ளதையே வாங்கு. காதுமூடியின் உள்ளே மறைந்திருக்கும் மைக்குகள் பார்வைக்கு அழகு. ஆனால் வாயிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளியிருப்பதால் உன் குரலையும் அறையின் சத்தத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் அள்ளிக்கொள்கின்றன. பிறகு மென்பொருள்தான் எது குரல், எது இரைச்சல் என்று பிரித்தெடுக்க வேண்டும். ஹெட்செட்டில் ஒரு சுற்று, டீம்ஸ் அல்லது ஸூமில் மறு சுற்று என்று இருமுறை வடிகட்டும்போது சொற்களின் கடைசி எழுத்துகள் விழுங்கப்பட்டுவிடும். தமிழில் விகுதி போனால் வந்தாரா, வந்தாளா என்பதே தெரியாமல் போகும். தண்டு மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, சற்றுக் கீழே வைக்க வேண்டும். நேரே வைத்தால் ‘அப்பா’ என்று சொல்லும்போது வரும் காற்று மைக்கில் மோதி வெடிக்கும்.

‘இரைச்சல் நீக்கம்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் யாருக்கான நீக்கம் என்று கேள். ஒன்று கேட்பவருடைய காதுக்கானது: வெளிச்சத்தத்துக்கு எதிரான அலையை உண்டாக்கி அதை அடக்குவது. குளிர்சாதனம், மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்ற சீரான தாழ்ந்த ஒலியை அது நன்றாக அடக்கும். துளையிடும் இயந்திரத்தின் திடீர்ச் சத்தத்தையும் பேச்சுக் குரலையும் அவ்வளவாக அடக்காது. மற்றொன்று மைக்குக்கானது. உன் மேல்மாடியில் புதுப்பிப்பு வேலை நடப்பதாக எழுதியிருந்தாய். வீவக விதிப்படி சுவர் இடிப்பது, தரை ஓடுகளைப் பெயர்ப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே நடக்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உனக்குச் சரியாக அலுவலக நேரமாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! ஆகவே உனக்கு இரண்டாவது வகைதான் அவசியம். சத்தத்தை மீறிக் கேட்க ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகாதே. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அம்மாவிடம் பேசும்போது நீ கத்துவதாகக் கதிர் கேலி செய்வானே, அதற்கும் மருந்து உண்டு. சைடுடோன் என்ற வசதி, உன் குரலையே உன் காதுக்கு மெல்லிதாகத் திருப்பி அனுப்பும். காது மூடியிருந்தாலும் நாம் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்பது தெரிவதால் குரல் தானாகத் தணிந்துவிடும். எனக்கு இது இல்லாத ஹெட்செட்டை இப்போதெல்லாம் அரை மணி நேரம்கூடப் பொறுக்க முடிவதில்லை.

எடையும் காதுமூடியும் நம் ஊரில் தனிக் கவனம் பெற வேண்டியவை. விளையாட்டு ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 300 கிராமைத் தாண்டும். அலுவலக வகை 180 கிராமுக்குள்கூடக் கிடைக்கும். நீ கண்ணாடி அணிபவள், தலைப்பட்டையின் இறுக்கம் கண்ணாடிக் காம்பை நெற்றிப்பொட்டில் அழுத்தும். செயற்கைத்தோல் மூடி நம் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் சில ஆண்டுகளில் கறுப்புச் செதில்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். துணி மூடியுள்ளதாகவோ, குறைந்தது மூடியைத் தனியாக வாங்கி மாற்றக்கூடியதாகவோ பார். மின்கலத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதே. ஒரு வேலை நாளைத் தாண்டாத மாடல் இப்போது அரிது.

எந்த நிறுவனம் என்று கேட்டிருந்தாய். அலுவலக ஹெட்செட்டும் விளையாட்டு ஹெட்செட்டும் வேறு வேறு உலகம் என்று விளம்பரங்கள் காட்டினாலும், வீட்டுக்குள் போனால் உறவுக்காரர்கள்தான். அலுவலக வகை செய்யும் ஜாப்ராவும் விளையாட்டு வகை செய்யும் ஸ்டீல்சீரிஸும் ஜிஎன் என்ற ஒரே குழுமத்துக்குச் சொந்தம். விளையாட்டு வகை செய்யும் ஹைப்பர்எக்ஸை 2021இலும் அலுவலக வகை செய்யும் பாலி நிறுவனத்தை 2022இலும் வாங்கியது எச்பி. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கணினியில் ஒலி என்றாலே பீப் சத்தம்தான் என்றிருந்த காலத்தில், சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையைக் கொண்டுவந்தது. விளையாட்டுக் கருவிகள் செய்யும் ரேசரின் இணை நிறுவனர் மின்-லியாங் டானும் சிங்கப்பூரர். ஊர்ப் பற்றுக்காக மட்டும் எதையும் வாங்கிவிடாதே, தலையில் சுமக்கப்போவது நீ.

உன் நிலைக்கு என் தீர்ப்பு இது: டாங்கிளும் புளூடூத்தும் இரண்டுமே உள்ள, இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கக்கூடிய, உள்ளிழுக்கும் அல்லது கழற்றும் தண்டு மைக்குள்ள, எடை குறைந்த விளையாட்டு ஹெட்செட் ஒன்று. டாங்கிள் மடிக்கணினியிலும் புளூடூத் உன் கைப்பேசியிலும் இணைந்திருந்தால், வேலைக்கு நடுவே அம்மா அழைத்தாலும் ஹெட்செட்டிலேயே எடுத்துவிடலாம். ‘இரட்டை இணைப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏமாறாதே. சில மாடல்கள் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். நாள் முழுவதும் அழைப்பிலேயே இருக்கும் வேலையாக உன் வேலை மாறினால் என் பதிலும் மாறும்: அப்போது நீ இலகுவான அலுவலக வகையை எடு, கதிருக்கு மலிவான கம்பி ஹெட்செட் ஒன்று போதும், கம்பியில் தாமதமும் இல்லை, மின்னேற்றமும் வேண்டாம். வாங்குவதற்கு முன் உன் நிறுவனத்தின் கணினிப் பிரிவிடம் யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள். பெரும்பாலும் சேமிப்புக் கருவிகளை மட்டுமே பூட்டியிருப்பார்கள். காப்புறுதித் துறையில் சிலர் எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே சோதித்துவிடு. மின்விசிறியைச் சுழலவிட்டு, சன்னலைத் திறந்துவைத்து, டீம்ஸின் சோதனை அழைப்பில் பேசு. அது பதிவுசெய்து உனக்கே திருப்பிப் போட்டுக் காட்டும். மேல்மாடியில் துளையிடும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. இங்குள்ள கடைகளில் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்து. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள ‘லெமன் லா’ சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால் அந்த உரிமையைக் கேட்டு வாங்குவது எளிதல்ல. குறைந்த விலைப் பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு என்பதால் விலையிலும் முன்போல் பெரிய லாபம் இல்லை.

ஒன்றை நீ எழுத மறந்துவிட்டாய். கதிரிடம் இருப்பது பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா? ஒரே மாடலுக்குப் பல பதிப்புகள் இருக்கும். எக்ஸ்பாக்ஸுக்கென வரும் பதிப்பு பெரும்பாலும் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் வேலை செய்யும், பிளேஸ்டேஷன் பதிப்பு எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யாது. அவன் சனிக்கிழமை வந்ததும் கேட்டு எழுது. அதற்குள் நான் இரண்டு மூன்று மாடல்களின் விலையை விசாரித்து வைக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
கலைச்செல்வி