அறிவில்லாத எஜமானர்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கத்தை உலகம் எப்போது அழியும் என்பதற்கும், எஞ்சிய அரைப் பக்கத்தை உன் முழங்கால் வலிக்கும் ஒதுக்கியிருந்தாய். வலி இதற்குள் குறைந்திருக்கும் என்று நம்பி, உலகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு இன்னும் சில ஆண்டுகளில் மனிதனை ஆளத் தொடங்கிவிடும் என்பது உன் வாதம். அதற்குச் சாட்சியாக அந்தத் துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டனை அழைத்து வந்திருக்கிறாய். 2023-இல் கூகுளை விட்டு வெளியேறி, தான் வளர்த்த பிள்ளையைப் பற்றித் தானே ஊரை எச்சரித்தவர், மறு ஆண்டே இயற்பியல் நோபலும் பெற்றவர், அவரே நடுங்கும்போது உனக்கென்ன தைரியம் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அவருடைய அறிவின் முன் நான் கைகட்டி நிற்பவன்தான். ஆனால் உன் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத சொல் ஒன்று இருக்கிறது: ‘இனிமேல்’. நம்மை ஆள்வதற்கு இயந்திரத்துக்கு அறிவு வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? அறிவு என்பது துளியும் இல்லாத இயந்திரங்களுக்கு நாம் முதுகை வளைத்துப் பல காலம் ஆகிறது.

மரபணுக்களின் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். மனித மரபணு ஒவ்வொன்றுக்கும் நீளமான பெயர் ஒன்றும் அதைச் சுருக்கிய குறியீடு ஒன்றும் உண்டு. அப்படிச் சுருக்கியபோது ஒரு குடும்பத்துக்கு ‘மார்ச்’ என்றும் இன்னொரு குடும்பத்துக்கு ‘செப்ட்’ என்றும் குறியீடு அமைந்துவிட்டது. மார்ச்1, மார்ச்2, செப்ட்1, செப்ட்2 என்று எண்களும் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. ஆராய்ச்சியாளர் இவற்றை எக்செல் விரிதாளில் தட்டியதும், அது அளவுகடந்த உதவி மனப்பான்மையோடு, ‘ஓகோ, ஐயா தேதி எழுதுகிறார்’ என்று தானாகவே முடிவு கட்டி, மார்ச் மாதம் முதல் நாள் என்று மாற்றி வைத்துவிடும். இந்தக் கோளாறை ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் சுட்டிக்காட்டினார்கள். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு கணக்கெடுத்துச் சொன்னது. கடைசியில் என்ன நடந்தது என்று நினைக்கிறாய்? மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு 2020-இல், இப்படிச் சிக்கிய மரபணுக்களின் குறியீடுகளை மாற்றியது. மார்ச்1 ‘மார்ச்எஃப்1’ ஆயிற்று. செப்ட்1 ‘செப்டின்1’ ஆயிற்று. மனிதன் கணக்கு எழுதக் கற்பதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பிருந்தே உயிரணுவுக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொருள், வரவுசெலவு பார்ப்பதற்காக எழுதப்பட்ட ஒரு மென்பொருளின் வசதியை முன்னிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2023-இல்.

இதே எக்செல் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 என்ற தேதியை இன்றும் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். 1900 லீப் ஆண்டு அன்று. அப்படி ஒரு நாள் விடியவே இல்லை. எக்செல்லுக்கு முன்பு சந்தையை ஆண்ட லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளில் அந்தத் தவறு இருந்தது, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தவறையும் தெரிந்தே வாங்கிக்கொண்டார்கள். இன்று திருத்தப் போனால் ஏற்கெனவே எழுதிய கணக்கேடுகளில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இல்லாத ஒரு நாளுக்கு இத்தனை பத்தாண்டுகள் இடம் ஒதுக்கி வைத்திருந்த மென்பொருள், இருக்கிற மரபணுவுக்கு இடம் தர மறுத்ததை நினைத்தால் எனக்கு நள்ளிரவிலும் சிரிப்பு வருகிறது.

மரபணுவாவது கண்ணுக்குத் தெரியாத பொருள். பூமிக்கும் இதே கதிதான். பூமி சுழலும் வேகம் சீரானது அன்று, அணுக் கடிகாரமோ பிசகாதது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடாமலிருக்க, 1972 முதல் தேவைப்படும்போதெல்லாம் உலக நேரத்தில் ஒரு வினாடியைச் செருகி வந்தார்கள். இதுவரை 27 முறை செருகியாயிற்று. கடைசி முறை 2016 டிசம்பர் 31. கணினிகளுக்கு இந்த வினாடி ஆகவே ஆகாது. ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு அறுபது என்று ஒரு வினாடி வருவதை அவற்றால் செரித்துக்கொள்ள முடிவதில்லை. 2012-இல் செருகியபோது பெயர்பெற்ற இணையதளங்கள் சில மயங்கியே விழுந்துவிட்டன. ஆகவே 2022 நவம்பரில் பிரான்சின் வெர்சாயில் கூடிய எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு, 2035-க்குள் இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தது. பூமிக்கும் கடிகாரத்துக்கும் தகராறு வந்தால் இனிக் கடிகாரத்தின் பக்கம் நிற்பது என்று நாடுகள் கூடி முடிவெடுத்துவிட்டன என்பதே இதன் பொருள். நிழலை அளந்து நேரம் சொன்ன இனம் நாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

இதற்குள் பூமியும் தன் பங்குக்கு விளையாடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது சற்றே வேகமாகச் சுழல்கிறது. 2024 ஜூலை 5 அன்று, வழக்கமான 24 மணி நேரத்தில் 1.66 மில்லிவினாடி குறைந்தது. இப்படியே போனால் ஒரு வினாடியைக் கூட்டுவதற்கு மாறாகக் கழிக்க வேண்டி வரும். கழித்தலை இதுவரை ஒரு முறைகூடச் செய்ததில்லை. கூட்டலுக்கே மயங்கிய கணினிகள் கழித்தலுக்கு என்ன செய்யுமோ. ஆனால் டங்கன் ஆக்னியூ என்ற புவி இயற்பியலாளர் 2024-இல் நேச்சர் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார். துருவப் பனி உருகி, அந்த நீர் நிலநடுக்கோட்டுப் பக்கமாகப் பரவுவதால், சுழன்றாடும்போது கைகளை விரித்தவரைப் போலப் பூமி சற்று மந்தமடைகிறது. அதனால் 2026-இல் தேவைப்பட்டிருக்கக்கூடிய கழித்தல் 2029-க்குத் தள்ளிப் போகிறது என்றார். புவி வெப்பமடைந்ததால் உருப்படியான நன்மை பெற்றவர்கள் என்று நான் இதுவரை கண்டது கணினி நிரலர்களை மட்டுந்தான்: மூன்று ஆண்டு அவகாசம்.

போன வாரம் எனக்கே ஓர் அவமானம் நேர்ந்தது. ஓர் இணையதளத்தில் படிவம் ஒன்றை நிரப்பி முடித்தேன். நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. போக்குவரத்து விளக்கு இருக்கும் சதுரங்களையெல்லாம் தொட வேண்டுமாம். விளக்கைத் தாங்கும் கம்பம் விளக்கில் சேருமா சேராதா என்பது தர்க்க சாஸ்திரிகள் தீர்க்க வேண்டிய கேள்வி. சேரும் என்று ஒரு முறையும் சேராது என்று ஒரு முறையும் விடையளித்து இரு முறையும் தோற்றேன். இவ்வகைப் படப் புதிர்களில் மிகப் பரவலான ஒன்றைச் செயற்கை நுண்ணறிவு நூற்றுக்கு நூறு தீர்த்துவிடுகிறது என்று சூரிச் நகரத்து ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் காட்டியிருக்கிறார்கள். ஆக, மனிதன் என்று நிரூபிக்கும் தேர்வில் இயந்திரம் தேறிவிட்டது, நான் தவறிவிட்டேன்.

நீ அஞ்சும் அந்த அறிவாளி இயந்திரத்தின் யோக்கியதையையும் பார். 2023-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில், விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் முன்தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோள் காட்டினார்கள். அவற்றை எடுத்துக் கொடுத்தது சாட்ஜிபிடி. ஆறு தீர்ப்புகள் உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. இதில் நான் ரசித்த இடம் வேறு. வழக்கறிஞருக்கும் ஐயம் வந்திருக்கிறது. ஐயம் வந்ததும் அந்தச் சாட்ஜிபிடியிடமே, ‘இந்த வழக்கு உண்மையானதுதானா?’ என்று கேட்டிருக்கிறார். அதுவும் ‘ஆம்’ என்று சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. இதில் இயந்திரத்தை நான் குறைகூற மாட்டேன். பொய்ச் சாட்சியிடமே மெய்தானா என்று கேட்டுத் திருப்தியடைந்தவர் மனிதர்.

அறிவில்லாத எஜமானர்களின் பட்டத்து அரசன் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 2024 ஜூலை 19 அன்று உலகத்தை முடக்கிய அந்தக் கோப்பைத்தான் சொல்வேன். கணினிகளைத் தாக்குதலிலிருந்து காப்பதற்காகவே கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு அது. மென்பொருளின் ஒரு பகுதி 21 விவரங்களை எதிர்பார்த்திருந்தது. இன்னொரு பகுதி கொடுத்தது 20. இருபத்தோராவது விவரத்தைத் தேடி, இல்லாத இடத்தில் கைவைத்த விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் தரையில் நின்றன. மருத்துவமனைகள் கையால் எழுதத் தொடங்கின. முடக்கியது தொலைவிலிருந்து, ஒரே நொடியில்; மீட்பதற்கோ ஆட்கள் ஒவ்வொரு கணினியாகத் தேடிச் சென்று, பாதுகாப்பு முறையில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. எதிரி ஒருவன் இவ்வளவு நேர்த்தியாகத் திட்டமிட்டிருக்க முடியாது.

அமெரிக்க அணு ஆயுதப் படைகளின் கட்டளைத் தொடர்பமைப்பில் எட்டு அங்குல ஃபிளாப்பி என்ற பழங்கால நெகிழ்வட்டு 2019 வரை பயன்பட்டது என்பதைக் கேட்டு நீ முன்பொரு முறை தலையில் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? அன்று நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எந்த வலையோடும் இணையாத அந்தக் கிழட்டு வட்டுக்கு நள்ளிரவில் யாரும் புதுப்பிப்பு அனுப்பியிருக்க முடியாது. ஃபிளாப்பியில் ஆவணம் தரச் சொல்லும் விதிகள் ஆயிரத்துக்கும் மேல் வைத்திருந்த ஜப்பான் அரசு, 2024 ஜூனில் அவற்றை ஒழித்துவிட்டுப் போரில் வென்றதாக அறிவித்தது. பாவம், அந்த வட்டு பதிலுக்கு ஒரு கல்லைக்கூட எறியவில்லை.

வேற்றுலக உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தாய். கே2-18பி என்ற கோளைப் பற்றி 2025 ஏப்ரலில் வந்த செய்தியைத்தான் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். நம்மிடமிருந்து 124 ஒளியாண்டுத் தொலைவு. இங்கே கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற ஒன்றின் சாயல் அங்கே தெரிவதாகக் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழுவினர் சொன்னார்கள். தற்செயலாக அப்படித் தெரிந்திருக்க வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க அறிவியல் கேட்கும் உறுதி அதைவிடப் பலமடங்கு அதிகம். அதே தரவைப் பார்த்துவிட்டு ‘எங்களுக்குத் தெரியவில்லையே’ என்றவர்களும் இருக்கிறார்கள். நான் அவசரப்படாததற்குக் காரணம் வேறொன்று. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி 1998 முதல் புரியாத சமிக்ஞைகள் சிலவற்றைப் பதிவு செய்து வந்தது. வானியலாளர்கள் அவற்றுக்குப் பெரிட்டான் என்று கற்பனை மிருகம் ஒன்றின் பெயரைக்கூடச் சூட்டிவிட்டார்கள். 2015-இல் உண்மை வெளிப்பட்டது: ஆய்வகத்தில் யாரோ பொறுமையில்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை மணியடிப்பதற்குள் திறந்திருக்கிறார்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு, நான் மனமார வணங்கும் இயந்திரம் ஒன்றையும் சொல்லாவிட்டால் நீ என்னைக் கற்காலத்துக்கு அனுப்பிவிடுவாய். 1977 செப்டம்பர் 5 அன்று புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளில்லாத எண்களை உளறத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று பழுதாகி, ஒரு கணினியின் நினைவகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு கெட்டுப்போயிருந்தது. சில்லை மாற்றுவதற்கு 2,400 கோடி கிலோமீட்டர் யார் போவது? கெட்ட இடத்திலிருந்த நிரலை முழுதாக வைக்க வேறெங்கும் இடமில்லை. எனவே அதைத் துண்டுதுண்டாக்கி, கிடைத்த பொந்துகளில் ஒளித்து வைத்து, அவை ஒன்றையொன்று தேடிக் கண்டுகொள்ளும்படி எழுதி அனுப்பினார்கள். கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே நேரம். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20 அன்று அது தெளிவாகப் பேசியது. மறு ஆண்டு, 2004-இல் செத்துவிட்டதாகக் கைவிட்ட உந்துகலன்களையும், ஒரு சுவிட்ச் தவறான நிலையில் இருக்கலாம் என்ற ஊகத்தை மட்டும் நம்பி உயிர்ப்பித்துவிட்டார்கள். அதன் நினைவகம் மொத்தமே 70 கிலோபைட்டுக்கு உட்பட்டது. உன் முழங்காலை எக்ஸ்ரே எடுத்து எனக்கு அனுப்பினாயே, அந்த ஒரு படத்துக்குக்கூட அதில் இடமிருந்திருக்காது. ஒருவர் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சிறியது என்பதால்தான் அதைப் பிழைக்க வைக்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன். நீ அஞ்சும் இயந்திரத்தை அதைக் கட்டியவர்களே அப்படிப் படிக்க முடியாது. அஞ்சுவதானால் அதற்காக அஞ்சு, உன்னோடு சேர்ந்து நானும் அஞ்சுகிறேன்.

2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், அரைகுறை நினைவாற்றலோடு, ஒரு சிறு விளக்கின் வலுவிலான வானொலியை வைத்துக்கொண்டு, அந்தக் கிழம் இரண்டே நாளில் பதில் எழுதிவிடுகிறது. என் சென்ற கடிதத்துக்கு நீ பதில் எழுத நான்கு மாதம் எடுத்துக்கொண்டாய்.

உன் பழைய நண்பன்