வேப் பேட்டரி: ஆம்பியரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வேப் (மின் சிகரெட்) பேட்டரி பற்றி வந்த கட்டுரையில் 'வோல்ட் அதிகமான பேட்டரி வாங்காதீர்கள், வெடிக்கும்' என்று ஒரு வரி. எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார், ஆனால் அப்படி ஒரு பேட்டரியைக் கடை கடையாகத் தேடினாலும் கிடைக்காதே! பேட்டரியைக் கழற்றி மாட்டும் வேப்களில் போடுகிற 18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அதனால்தான் அந்தப் பெயர்) லித்தியம் அயான் பேட்டரி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் முழு சார்ஜில் 4.2 வோல்ட்தான். மேலே 3.6 அல்லது 3.7 என்று அச்சடித்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்க வேண்டியது ஆம்பியர், அதாவது பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பது. அது கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

நான் எலெக்ட்ரீஷியன், சனி ஞாயிறுகளில் ஈஸ்ட்ஹாமில் மச்சான் கடையில் நிற்பவன் (புகைப்பதில்லை, வீட்டில் யாராவது படித்தால் சந்தேகப்பட வேண்டாம்). ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை விற்க 2025 ஜூன் 1 முதல் இங்கே பிரிட்டனில் தடை வந்தபிறகு பலர் சார்ஜ் போடும் கருவிக்கு மாறிவிட்டார்கள், கேள்விகளும் கூடிவிட்டன. பேட்டரி உள்ளேயே இருக்கிற சின்னக் கருவி என்றால் அதற்கென்று வரும் காயிலையே (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பேட்டரியைத் தனியாக வாங்கிப் போடுபவர்களிடம்தான் கணக்கு பேச வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்து ஓம் விதிதான். 4.2-ஐக் காயிலின் ஓமால், அதாவது மின்தடையால் வகுங்கள், வருவது ஆம்பியர். 1.2 ஓம் காயில் என்றால் மூன்றரை ஆம்பியர், எந்த நல்ல பேட்டரிக்கும் அது ஒன்றுமே இல்லை. புகை மண்டலம் வேண்டும் என்று 0.15 ஓம் காயில் கட்டினால் 28 ஆம்பியர், கிட்டத்தட்ட 118 வாட். பேட்டரி தொடர்ந்து 20 ஆம்பியர்தான் தரும் என்றால் மீதி எட்டுக்கு எங்கே போவது? அதுவும் சர்க்யூட்டே இல்லாத 'மெக்கானிக்கல் மாட்' வகை வேப் என்றால் தடுக்க உள்ளே ஒன்றும் கிடையாது, பேட்டரி சூடாகிக்கொண்டே போகும்.

வாட் எண்ணை நாமே வைக்கிற கருவியில் கதை நேர்மாறு. ஒரே பேட்டரியில் 60 வாட் வைத்தால் முழு சார்ஜில் 14 ஆம்பியர் சொச்சம் இழுக்கும், அதே பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் கிட்டத்தட்ட 19. சார்ஜ் குறையக் குறைய பேட்டரிக்குப் பாரம் கூடுகிறது என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், காகிதத்தில் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஆன்லைனில் மலிவாக வரும் '9900 எம்ஏஎச்' 18650 (எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு). சுத்தப் பொய். கடையில் கிடைக்கும் நல்ல 18650 பெரும்பாலும் சுமார் 3500-ஓடு நின்றுவிடும், அதிக ஆம்பியர் தருபவை 2500, 3000 என்று அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எண்ணில் இப்படிப் புளுகுகிறவன் ஆம்பியரில் மட்டும் உண்மை எழுதுவானா?

பாக்கெட் விஷயத்தையும் நீங்கள் எழுதியிருக்கலாம். அமெரிக்காவில் 2009 முதல் 2016 வரை நடந்த 195 வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தபோது, அதில் 61 பாக்கெட்டில் இருந்தபோது நடந்தவை. போன மாதம் ஒரு பையன் பழைய பேட்டரிக்குப் புதுசு கேட்டு வந்தான். மேல் முனையில் உறை கிழிந்திருந்தது, வீட்டுச் சாவியோடு ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டே கொண்டுவந்திருக்கிறான். பேட்டரியின் உடம்பு முழுக்க மைனஸ், மேல் முனைப் பொத்தான் மட்டும் பிளஸ், நடுவில் மெல்லிய ஒரு வளையமும் உறையும்தான் காவல். சாவி குறுக்கே பட்டால் போதும். கையில் வாங்கியபோது வெதுவெதுப்பாக இருந்தது, சாவியாலா உடம்புச் சூட்டாலா என்று கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை. பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்தேன், மச்சானுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த இதழில் அந்த வோல்ட் வரியைத் திருத்தி, ஓம் கணக்கை ஒரு சின்னக் கட்டமாகப் போட்டால் வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன்.

– ஒரு வாசகன், ஈஸ்ட்ஹாம், லண்டன்